எம்புட்டு மேடம்

கல்லூரியில் எங்களுக்கு டீ கொண்டுவரும் அண்ணன் ஒருநாள் என் மேசைக்கு வந்து, இனிமேல் கணக்கு மேடத்துக்கு மட்டும் நானே டீ வாங்கிக் கொடுத்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

"ஏண்ணே, என்னாச்சு?"

"சீனி போதுமாம்மான்னு கேட்டேன். தப்பா? மத்தவுகளா இருந்தா போதும்பாக, இல்ல இன்னுங் கொஞ்சம் போடும்பாக. இந்தம்மா ஒரு வாய் குடிச்சிட்டு மேல ஃபேனப் பாக்குறாக. பெறகு, 'நூத்துக்கு அறுபது போதும், முப்பது பத்தாது, மிச்சம் பத்து குடிச்சு முடிச்சாத்தான் தெரியும்'ங்கிறாக. இப்ப நான் சீனியப் போடவா, வேணாமா? நீங்களே சொல்லுங்க."

நான் திரும்பிப் பார்த்தேன். மேடம் அந்த மிச்சம் பத்தைக் கண்டுபிடிக்கும் முனைப்பில் நிதானமாக டீ குடித்துக்கொண்டிருந்தார்.

அவர் கணக்கு, நான் சரித்திரம். மதுரையில் இருவருக்கும் ஒரே பெண்கள் கல்லூரியில் வேலை. கே.கே. நகரில் ஒரே அடுக்குமாடியில் எதிரெதிர் வீடு. கல்லூரியில் அவரை மேடம் என்பேன், வீட்டுக்கு வந்தால் அக்கா. அவர் கணவரை அண்ணே என்பேன். "அக்காவும் அண்ணனும் எப்படித்தா புருஷன் பொண்டாட்டியா இருக்க முடியும்? மதினின்னு கூப்பிடு" என்று அக்கா ஒருமுறை சொன்னார். சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தார். "சரி விடு, அக்காங்கிறதுலயும் பாதி நியாயம் இருக்கு" என்றார். எதை எடுத்தாலும் அதில் பாதி நியாயத்தைக் கண்டுபிடித்துவிடுவார்.

மாணவிகள் அவருக்கு வைத்த பெயர் எம்புட்டு மேடம். ஒரு தேற்றத்தை எழுதி முடித்து, "புரிஞ்சுதா?" என்பார். வகுப்பு மொத்தமும், "புரிஞ்சுது மேடம்" என்று ராகம் போடும். சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, "எம்புட்டு?" என்பார். புதிதாகச் சேர்ந்தவர்கள் திருதிருவென முழிப்பார்கள். பழகியவர்கள், "நாப்பது மேடம்" என்பார்கள். "நல்லது. அந்த நாப்பது எதுன்னு சொல்லு, மிச்சத்த நான் சொல்றேன்" என்று ஆரம்பிப்பார். ஒரு துடுக்குக்காரி, "நூறு மேடம்" என்று சொல்லிவிட்டாள். அவளை மிகுந்த இரக்கத்தோடு பார்த்தார். "எனக்கே எண்பத்தஞ்சுதான்த்தா" என்றார்.

என் வகுப்பையும் விட்டுவைக்கவில்லை. ஏதோ ஒரு ராஜாவின் ஆட்சி பொற்காலம் என்று நான் குறிப்புச் சொல்லிக்கொண்டிருந்தபோது வாசல் வழியாகப் போனவர் நின்றார். "எம்புட்டு பொன்னு? யார் வீட்டுல?" என்று கேட்டுவிட்டு அவர் பாட்டுக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து எந்த ராஜாவைப் பற்றிச் சொன்னாலும் கடைசி பெஞ்சிலிருந்து அந்தக் கேள்வி வரும். நானும் பொற்காலம் என்ற சொல்லையே பாடத்திலிருந்து எடுத்துவிட்டேன்.

அவருடைய ஆராய்ச்சி எதைப் பற்றியது என்று எனக்கு ஒருநாள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே சொன்னார்.

"பள்ளிக்கூடத்துல கணம்னு படிச்சல்ல? உள்ள இருந்தா உள்ள, வெளிய இருந்தா வெளிய. இப்ப உசரமானவங்க கணம்னு ஒண்ணு போடு. நம்ம வாட்ச்மேன் உள்ளயா, வெளியயா?"

"உள்ளதான்."

"எங்க வீட்டுக்காரர் பக்கத்துல நிப்பாட்டிப் பாரு."

அண்ணன் நிலைப்படியில் தலையைக் குனிந்து நுழைகிறவர். அவர் பக்கத்தில் நின்றால் வாட்ச்மேன் வெளியேதான்.

"அப்ப உள்ளயும் இல்ல, வெளியயும் இல்ல. எம்புட்டு உள்ளன்னு ஒரு அளவு கொடுத்துட்டா சண்டை தீந்துச்சு. இதுக்குப் பேருதான் ஃபஸி செட். இது எவனோ வெளிநாட்டுக்காரன் எப்பவோ சொன்னது. அதை இழுத்துப் பெருசாக்குறதுதான் என் வேலை."

அவர் இழுத்தது இந்தப் பக்கமாக. ஒருவரிடம் 'ஆமாம்' எவ்வளவு என்று மட்டும் கேட்டால் போதாது, 'இல்லை' எவ்வளவு என்றும் தனியாகக் கேட்க வேண்டும். இரண்டையும் கூட்டினால் பெரும்பாலும் முழுசு வராது. வராமல் நிற்கும் அந்த மிச்சம்தான் 'தெரியாது'. பல பேர் கூடி ஒரு முடிவு எடுக்கும்போது எல்லோருடைய ஆமாமையும் இல்லையையும் எண்ணுகிறார்களே தவிர, இந்தத் தெரியாதை யாரும் சீண்டுவதே இல்லை என்பது அவருக்குப் பெரிய மனக்குறை. "மனுசங்க சொல்ற ஆமாம்ல முக்காவாசி பக்கத்துல நிக்கிறவன் சொன்ன ஆமாம்தான்த்தா" என்பார்.

இந்த முறையை முதலில் கணக்குத் துறையின் சுற்றுலாவில்தான் சோதித்துப் பார்த்தார். பாதிப் பேர் கொடைக்கானல் என்றார்கள், பாதிப் பேர் ராமேஸ்வரம் என்றார்கள். மேடம் எல்லா ஊருக்கும் எல்லோரிடமும் மூன்று வகை மார்க்கும் வாங்கி, ராத்திரி பகலாக உட்கார்ந்து கணக்குப் போட்டார். விடை கீழக்குயில்குடி. டவுன் பஸ் ஏறினால் இறங்கிவிடக்கூடிய ஊர். அங்கிருக்கும் சமணர் மலைக்கு யாரும் அதிகம் மார்க் போடவில்லை, ஆனால் வேண்டாம் என்றும் யாரும் சொல்லவில்லை. துறை மொத்தமும் புளியோதரை கட்டிக்கொண்டு போய், படியேறி, சமணர் படுக்கையைப் பார்த்துவிட்டு, தாமரைக் குளத்தங்கரையில் சாப்பிட்டுவிட்டு, சாயங்காலத்துக்குள் வீடு வந்து சேர்ந்தது. மறுநாள் எப்படி இருந்தது என்று கேட்டேன். ஒருவர் முகத்திலும் சந்தோஷம் இல்லை. வருத்தமும் இல்லை. மேடத்துக்கு மட்டும் பூரிப்பு. "பாத்தியா, சண்டையே வரல!"

அண்ணன் இதற்கு நேர்மாறு. பரவை மார்க்கெட்டில் வெங்காய மண்டி வைத்திருந்தார். லாரி வந்து நின்றால் ஒரு கை அள்ளி மோந்து பார்ப்பார், "எறக்கு" என்பார், இல்லாவிட்டால் "வண்டிய எடு" என்பார். அவ்வளவுதான். இந்த இரண்டு பேரும் எப்படி ஒரே வீட்டில் குடும்பம் நடத்துகிறார்கள் என்று எனக்கு வெகுநாள் ஆச்சரியம். ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"அதயேந் தங்கச்சி கேக்குற" என்று அண்ணன் ஆரம்பித்தார். "பொண்ணு பாக்கப் போனோம். மாப்ளையப் புடிச்சிருக்காத்தான்னு எங்க பெரியம்மா கேட்டுச்சு. மத்த பொண்ணுக தலையக் குனியும். இவ நிமிந்து என்னைய ஒரு பார்வ பாத்துட்டு, 'எழுபது புடிச்சிருக்கு, பத்து புடிக்கல, இருபது தெரியல'ங்கிறா. சபையே கெதக்குனு ஆயிப்போச்சு."

"நீங்க என்னண்ணே சொன்னீங்க?"

"எழுபதுன்னா பஸ்ட் கிளாசுல்ல? தட்ட மாத்துங்கன்னுட்டேன்."

"புடிக்காத அந்தப் பத்து என்னன்னு கேக்கலையா?"

"அது எம் மீசை. கல்யாணத்துக்கு மொத நாளே எடுத்துட்டேன்."

அடுப்படியிலிருந்து அக்காவின் குரல் வந்தது. "மீசை இல்ல. என்னன்னு நான் இன்னைக்கு வரைக்கும் சொல்லல."

அண்ணனின் கை தானாக மேலுதட்டைத் தடவியது.

வேடிக்கையாக இருந்தாலும், அவரோடு பழகுவது எல்லா நேரமும் சுகமாக இருந்தது என்று சொல்ல முடியாது. எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு வார்த்தை சொல்ல அவருக்கு வராது. என் மகன் பொதுத்தேர்வு எழுதிவிட்டுக் காய்ச்சலில் படுத்திருந்தபோது, "பாஸாயிருவான்லக்கா?" என்று கேட்டேன். வேறு யாராக இருந்தாலும் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருப்பார்கள். இவர், "அறுபது" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ரிசல்ட் வரும்வரை அவரோடு பேசவில்லை. அவன் பாஸானதும் லட்டு கொண்டுபோய் நீட்டினேன். வாங்கிக்கொண்டு, "நான் அறுபதுன்னுதானத்தா சொன்னேன், நாப்பதுன்னா சொன்னேன்?" என்றார்.

எங்கள் அடுக்குமாடியில் தண்ணீர்ப் பிரச்சினை வந்தது ஒரு கோடையில். போர்வெல் மோட்டார் காலை முழுக்க ஓடியும் மாடித் தொட்டி பாதிகூட நிறையவில்லை. புதிதாகப் போர் போடுவது என்று எல்லோரும் ஒரே மனதாக முடிவு செய்தோம். எங்கே போடுவது என்பதில்தான் மூன்றாகப் பிரிந்தோம். வேப்பங்குச்சியோடு வந்த நீரோட்டம் பார்ப்பவர் கேட் ஓரத்தைக் காட்டினார். மிஷினோடு வந்தவர், எங்கள் குடியிருப்போர் சங்கச் செக்ரெட்டரி கார் நிறுத்தும் இடத்துக்குக் கீழே என்றார். என் கணவர் தலைமையில் ஒரு கோஷ்டி, வாஸ்துப்படி ஈசானி மூலைதான் என்று நின்றது.

செக்ரெட்டரி வருவாய்த் துறையில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். தன் காரை நகர்த்துவதில் அவருக்கு விருப்பமில்லை, எனவே கேட் ஓரம் என்றார். அவருக்கு எதுவும் கைதூக்கித்தான் முடிவாக வேண்டும். முதல் கூட்டத்தில் கேட் ஓரத்துக்குக் கை தூக்கச் சொன்னபோது அக்காவின் கை காதுவரைக்கும் வந்து நின்றுவிட்டது.

"மேடம், அது ஓட்டா, இல்ல காது குடையிறீங்களா?"

"ஓட்டுத்தான் சார். அர ஓட்டு."

கூட்டம் கலவரத்தில் முடிந்தது. அதற்குப் பிறகு செக்ரெட்டரியும் என் கணவரும் மாடிப்படியில் எதிர்ப்பட்டால் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டு இறங்கினார்கள். தண்ணி லாரி வந்தால் யார் வீட்டுக்கு எத்தனை குடம் என்று சண்டை. கோயிலில் பார்த்தால்கூட ஒருவரோடு ஒருவர் பேசாத நிலை. வீட்டைக் காலி செய்துவிடலாம் என்று என் கணவர் சொல்ல ஆரம்பித்தார். எனக்கு அந்த வீடும் பிடிக்கும், அந்த எதிர்வீடும் பிடிக்கும். அக்காவிடம் போய் நின்றேன். "உங்க கணக்க வச்சு ஏதாச்சும் பண்ணுங்கக்கா."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை கார் நிறுத்தும் இடத்தில் எல்லோரும் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். அக்கா எழுந்து, "தண்ணியப் பத்தி அதிகம் தெரிஞ்சவங்க சொல்றதுக்கு வெயிட் அதிகமாக் கொடுக்கலாம். யாருக்கு அதிகம் தெரியும்?" என்று கேட்டார். அது தப்பாகப் போயிற்று. ஒரு தாலுகாவுக்கே போர் போட்டுக் கொடுத்தவன் நான் என்று செக்ரெட்டரி எழுந்தார். எங்க அப்பா வெட்டுன கெணறெல்லாம் இன்னும் வத்தல என்று என் கணவர் எழுந்தார். தான் பிறந்த அன்றைக்கு வைகையில் வெள்ளம் வந்ததாக இரண்டாம் மாடிக்காரர் சொன்னார்.

"சரி, வெயிட் வேணாம். எல்லாரும் ஒண்ணுதான்" என்று அக்கா அவசரமாக உட்காரவைத்தார்.

பிறகு அண்ணனைப் பார்த்தார். அண்ணன் ஒரு மூட்டைச் சின்ன வெங்காயத்தைக் கொண்டுவந்து நடுவில் இறக்கினார். விஷயம் இதுதான். ஒவ்வொரு இடத்துக்கும் தனிச்சுற்று, சுற்றுக்கு வீட்டுக்குப் பத்து வெங்காயம். செக்ரெட்டரியின் காருக்குப் பின்னால் பச்சை வாளி, சிவப்பு வாளி, ஒரு பெரிய அண்டா. பச்சை என்றால் சரி, சிவப்பு என்றால் வேண்டாம், அண்டா என்றால் தெரியாது. ஒருவர் ஒருவராகத் தனியே போய், பத்தையும் மனசுக்குப் பட்டபடி பிரித்துப் போட்டுவிட்டு வர வேண்டும்.

"ஜனநாயகத்த வெங்காயத்துல கொண்டாந்து விட்டீங்களேம்மா" என்று செக்ரெட்டரி தலையில் கை வைத்தார். இருந்தாலும் போய்ப் போட்டுவிட்டு வந்தார்.

ஒவ்வொரு சுற்று முடிந்ததும் அக்கா எண்ணினார். கேட் ஓரமும் சரி, காருக்குக் கீழேயும் சரி, ஈசானி மூலையும் சரி, வாளிகளில் ஏதோ அடியில் கொஞ்சம் கிடந்தது. மற்றதெல்லாம் அண்டாவில் குவிந்து கிடந்தது. கூட்டிப் பார்த்தால் ஒரு கை வெங்காயம் குறைந்தது. கணக்கு இடிக்கிறதே என்று அக்கா திரும்பத் திரும்ப எண்ண ஆரம்பித்ததும், இரண்டாம் மாடிக்காரர் மனைவி முந்தானை முடிச்சை அவிழ்த்து, "சாம்பாருக்குன்னு எடுத்தேன்" என்று நீட்டினார்.

"அப்ப முடிவு என்னதான்மா?" என்றார் செக்ரெட்டரி.

"முடிவு வந்துருச்சே சார். நமக்குத் தெரியல."

"இது ஒரு முடிவா?"

"இதுதான் சார் நெசமான முடிவு. இம்புட்டு நாளும் தெரியலங்கிறது தெரியாமத்தான சண்ட போட்டோம்? சத்தம் போட்டவுக வெங்காயமும் அண்டாவுலதான கெடக்கு?"

யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. என் கணவர் பிளாஸ்டிக் நாற்காலியின் கையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். ஈசானி மூலைக்கு அவர் போட்ட பத்தில் ஏழு அண்டாவுக்குத்தான் போனது என்பதை வெகுநாள் கழித்து என்னிடம் ஒப்புக்கொண்டார்.

"சரி, அண்டாவுல போட்டவுகளைக் கேக்குறேன். என்ன தெரிஞ்சா நீங்க வாளிக்கு மாத்துவீங்க?" என்றார் அக்கா.

கடைசி நாற்காலியிலிருந்து ஒரு குரல் வந்தது. தரைத்தளத்து வீட்டுப் பெண். கணவருக்கு வெளியூரில் வேலை என்பதால் எல்லாக் கூட்டத்துக்கும் அவள்தான் வருவாள். அவள் பேசி நாங்கள் கேட்டதே இல்லை.

"எங்க தோண்டுறதுன்னு இல்லக்கா. தோண்டணுமாங்கிறதே எனக்குத் தெரியல. நான் மோட்டார் ரூமுக்குப் பக்கத்துலதான் துணி அலசுவேன். மோட்டார் ஓடுறப்ப போருக்குள்ள தண்ணி கொட்டுற சத்தம் கேக்குது. தண்ணியே இல்லன்னா அந்தச் சத்தம் எப்படிக்கா வரும்?"

செக்ரெட்டரி திரும்பினார். "இத ஏம்மா இம்புட்டு நாளாச் சொல்லல?"

"நீங்க கையத் தூக்கச் சொன்னீங்க சார். இதுக்கு எப்பக் கையத் தூக்குறதுன்னு தெரியல."

மறுநாள் ஆள் வரவழைத்துப் போருக்குள்ளிருந்து குழாயை இழுத்துப் பார்த்தோம். பாதி ஆழத்தில் குழாய் நீளமாக விரிசல் விட்டிருந்தது. மோட்டார் ஏற்றிய தண்ணீரில் பெரும்பகுதி மறுபடியும் போருக்குள்ளேயே கொட்டிக்கொண்டிருந்திருக்கிறது. புதுக் குழாய் இறக்கி மோட்டாரைப் போட்டபோது, சரியாக முறுக்காத இணைப்பிலிருந்து பீறிட்ட தண்ணீர் பக்கத்தில் நின்ற செக்ரெட்டரியைத் தலையோடு நனைத்தது. மனிதர் நகரவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். என் கணவர்தான் போய்த் துண்டு கொடுத்தார்.

முன்பு போல் பொங்கி வந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் தொட்டி நிறைந்தது, தண்ணி லாரி வருவது நின்றது. அந்த வாரம் முழுக்க எல்லா வீட்டிலும் வெங்காயச் சாம்பார். செக்ரெட்டரி அடுத்த கூட்டத்தில் தரைத்தளத்துப் பெண்ணை முதல் வரிசையில் உட்கார வைத்தார். கை தூக்கச் சொல்வதை மட்டும் கடைசிவரை விடவில்லை.

அக்கா ஓய்வு பெற்ற மறு வருஷம், ஒரு முற்பகலில் மண்டியிலிருந்து போன் வந்தது. அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மூட்டைமேல் சாய்ந்துவிட்டாராம். லோடு ஆட்டோவில் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்துகொண்டிருந்தார்கள். நானும் அக்காவும் போய்ச் சேர்ந்தபோது அண்ணனின் தம்பிமார்கள் அங்கே நின்றார்கள். டாக்டர் வெளியே வந்தார். இதயத்தில் அடைப்பு, உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார்.

அந்தக் குடும்பமே அக்காவிடம் பழகிப் பழகி அக்காவைப் போலவே ஆகியிருந்தது. "பொழைக்கிறதுக்கு எம்புட்டு வாய்ப்பு இருக்குன்னு கேளுங்க மதினி" என்றார் ஒரு தம்பி. "ஆபத்து எம்புட்டுன்னும் தனியாக் கேளுங்க" என்றார் இன்னொருவர். "வேற ஆஸ்பத்திரியிலயும் விசாரிச்சுட்டு, எல்லாரும் ஒக்காந்து பேசி முடிவெடுப்போம்" என்றார் மூத்த தம்பி.

டாக்டர் நல்ல மனிதர். பொறுமையாக, "பாருங்கம்மா, இந்த மாதிரிக் கேஸ்ல சக்சஸ் ரேட் என்னன்னா..." என்று ஆரம்பித்தார்.

"கையெழுத்து எங்க போடணும்?" என்றார் அக்கா.

"இல்லம்மா, நீங்க தெரிஞ்சுக்கணும். ரிஸ்க்..."

"எங்கங்க போடணும்?"

சொல்ல வந்த எண்ணை வாயிலேயே வைத்துக்கொண்டு டாக்டர் நர்ஸைப் பார்த்தார். நர்ஸ் இடத்தைக் காட்டினார். அக்கா படிக்காமலே போட்டார். அக்கா போய்ச் சுவரோரம் இருந்த நாற்காலியில் உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அண்ணன் பிழைத்துக்கொண்டார். இப்போது பரவையிலேயே வீடு பார்த்துப் போய்விட்டார்கள். மூட்டை தூக்கக் கூடாது என்பதால் மண்டியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "எறக்கு", "வண்டிய எடு" என்று மட்டும் சொல்கிறார் என்று கேள்வி.

ஆஸ்பத்திரியிலிருந்து அவரை வீட்டுக்கு அனுப்பிய அன்று, வாசலில் ஆட்டோவுக்குக் காத்து நின்றபோது அக்காவிடம் கேட்டேன். தம்பிமார்கள் அண்ணனைச் சக்கர நாற்காலியில் மெல்லத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அவர் அங்கிருந்தே வெயிலைத் திட்டிக்கொண்டிருந்தார்.

"ஏங்க்கா, அன்னைக்கு டாக்டரே எம்புட்டுன்னு சொல்ல வந்தாரே. நீங்க ஏன் கேக்கல?"

அக்கா அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேட்டா சொல்லிருப்பாருல்லத்தா" என்றார்.